ஒரு வாளிக்கு 16 நிமிடம்

"அம்மா, வெந்நீர் தீர்ந்துபோச்சு!"

காலை ஏழு மணிக்குக் குளியலறைக்குள்ளிருந்து கிளம்பும் இந்தக் குரல் உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும். பெரும்பாலும் அது கடைசியாகக் குளிக்கப் போனவரின் குரல். தலையில் ஷாம்பு நுரை, குழாயில் பச்சைத் தண்ணீர். "அக்காதான் எல்லாத்தையும் காலி பண்ணிட்டா" என்று ஒரு புகார். "கொஞ்ச நேரம் பொறுடா, சூடாகட்டும்" என்று அம்மாவின் சமாதானம்.

கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம்? கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொந்த வீடென்றால் பெரிய கீசராக வாங்கி மாட்டலாம். மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்க் கருவி வைக்கலாம். வாடகை வீட்டில் சுவரில் ஓர் ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனரைக் கேட்க வேண்டும். அவர் மாட்டிவைத்த கீசர் எதுவோ அதுதான் நமக்கு. அதை வைத்துக்கொண்டுதான் வீட்டில் எல்லோரும் குளித்துக் கிளம்ப வேண்டும். கருவியை மாற்ற முடியாத வீட்டில்தான் அறிவியல் அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

ஊட்டிக்குப் போவோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். சுற்றுலா வருபவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு இரண்டு நாளில் மலையிறங்கிவிடுவார்கள். அங்கேயே குடியிருக்கும் பிள்ளைகள் அந்தக் குளிரில் குளித்துத்தான் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு வாடகை வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மா, அப்பா, அக்கா, தம்பி. குளியலறைச் சுவரில் சின்னதாக ஒரு கீசர். குழாயில் வரும் தண்ணீர் 15 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம்.

கீசரின் உடம்பில் எங்காவது ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் முக்கியமாக இரண்டு எண்கள்: 15 லிட்டர், 2000 வாட். பெரியவர்கள்கூட முதல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். காலை நேரத்தில் நம்மைக் காப்பாற்றுவதோ காத்திருக்க வைப்பதோ இரண்டாவது எண்தான்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.45 கிலோஜூல் போதும். அதனால்தான் தோசைக்கல் சட்டென்று காய்ந்துவிடுகிறது. வாளித் தண்ணீர் காய மாட்டேன் என்கிறது. நாம் அன்றாடம் புழங்கும் பொருள்களில் இவ்வளவு வெப்பத்தை உள்ளே வாங்கிக்கொள்வது தண்ணீர்தான்.

2000 வாட் என்றால், கீசருக்குள் இருக்கும் காயில் ஒவ்வொரு நொடியும் 2 கிலோஜூல் வெப்பத்தைத் தண்ணீருக்குத் தருகிறது என்று பொருள். பள்ளி வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் அதற்கு மேல் தராது.

இப்போது கணக்கு. குளிக்கும் வாளி 18 லிட்டர் என்று கொள்வோம். (உங்கள் வீட்டு வாளியை ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து பாருங்கள்.) நம் உடம்பின் வெப்பநிலை 37 டிகிரி. அதைவிடச் சற்றே கூடுதலாக, 40 டிகிரியில் இருந்தால் தண்ணீர் இதமாக இருக்கும். 15-லிருந்து 40-க்கு ஏற வேண்டியது 25 டிகிரி.

18 × 4.2 × 25 = 1,890 கிலோஜூல். நொடிக்கு 2 கிலோஜூல் வீதம் 945 நொடி. ஏறத்தாழ 16 நிமிடம்.

ஒரு வாளிக்கு 16 நிமிடம், நான்கு வாளிக்கு 63 நிமிடம். யார் முதலில் போனாலும், யார் கடைசியில் போனாலும் இந்த 63 மாறாது. ஆறு மணிக்கு ஸ்விட்ச் போட்டால் நான்காவது வாளி 7:03-க்கு முன்னால் வராது. தம்பி 6:45-க்கே போய்க் குழாயைத் திறந்தால் கிடைப்பது பச்சைத் தண்ணீர்தான். ஆளுக்கு ஒரு வாளி என்று அக்கா குளித்திருந்தால் அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. ஸ்விட்ச் போட்ட நேரம்தான் தப்பு.

இதே கீசரைச் சென்னையில் ஒரு வீட்டில் மாட்டுங்கள். அங்கே குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்றால் ஏற வேண்டியது 12 டிகிரி மட்டுமே. ஒரு வாளிக்கு ஏறத்தாழ ஏழரை நிமிடம்தான். அதே கீசர், அதே வாட், பாதிக்கும் குறைவான நேரம்! சமவெளியிலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வரும் குடும்பங்கள் "இந்த வீட்டு கீசர் சரியில்லை" என்று முதல் வாரத்திலேயே சொல்வதற்குக் காரணம் இதுதான். பெரும்பாலும் கீசர் சரியாகத்தான் இருக்கும். அதற்குள் வந்து சேரும் தண்ணீர்தான் வேறு.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கீசரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். உள்ளே தண்ணீர் 60 டிகிரியை எட்டியதும் தெர்மோஸ்டாட் என்ற சின்னக் கருவி மின்சாரத்தை நிறுத்திவிடும், விளக்கும் அணைந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டரும் 15 டிகிரியிலிருந்து 60-க்குப் போக 24 நிமிடம் ஆகும். விளக்கு அணைந்த பிறகுதான் குளிக்க வேண்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். தேவையா?

விளக்கு அணைந்த பிறகு 10 லிட்டர் வெந்நீர் பிடித்து 8 லிட்டர் பச்சைத் தண்ணீர் விளாவினால்: (10 × 60) + (8 × 15) = 720. அதை 18-ஆல் வகுத்தால் 40 டிகிரி. சரியான வாளி.

காத்திருக்காமல் 16-ஆவது நிமிடமே திறக்கிறோம். அப்போது கீசருக்குள் 45 டிகிரிதான். 15 லிட்டரையும் பிடித்து 3 லிட்டர் மட்டும் விளாவுகிறோம்: (15 × 45) + (3 × 15) = 720. 18-ஆல் வகுத்தால் அதே 40!

இரண்டு வாளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றில் ஊற்றிய வெந்நீரின் சூடு அதிகம், அளவு குறைவு. மற்றதில் சூடு குறைவு, அளவு அதிகம். உள்ளே போன வெப்பம் ஒன்றே. முதல் வழியில் கூடுதலாகக் காத்திருந்த 8 நிமிடம் வீணாகவும் போகவில்லை. கீசருக்குள் மிச்சமிருக்கும் 5 லிட்டர் வெந்நீரில் அது பத்திரமாக இருக்கிறது.

வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படிக்கும் இந்த உண்மையை மனிதர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள நெடுங்காலம் ஆனது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜோசப் பிளாக் 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைத் தெளிவாக்கினார். சூடான பாதரசத்தையும் தண்ணீரையும் கலந்து பார்த்த சோதனைகளைப் பற்றி அவர் ஆழமாக யோசித்தார். அதே கொள்ளளவுத் தண்ணீரைவிடப் பாதரசம் 13 மடங்குக்கு மேல் கனமானது. ஆனாலும் ஒரு டிகிரி சூடாக அதற்குத் தேவைப்படும் வெப்பம் தண்ணீருக்குத் தேவைப்படுவதில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு பொருளும் வெப்பத்தை வாங்கும் அளவு தனித்தனி என்பதும், தெர்மாமீட்டர் காட்டுவது உள்ளே இருக்கும் வெப்பத்தின் அளவை அல்ல என்பதும் இதிலிருந்து தெரிந்தன. வெந்நீர் விளாவும் ஒவ்வொருவரும் பிளாக் யோசித்த கலவைக் கணக்கைக் கையாலேயே போடுகிறார்கள்.

சரி, குளித்துக்கொண்டிருக்கும்போது வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆறாமல் திடீரென்று பச்சைத் தண்ணீராக மாறுவது ஏன்?

கீசரிலிருந்து வெந்நீரை வெளியே தள்ளுவது குளிர்ந்த தண்ணீர்தான். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கீசரின் அடியில் நுழைகிறது. அது நுழைய நுழைய, மேலே இருக்கும் வெந்நீர் வெளிக்குழாய் வழியாகப் போகிறது. தொட்டி காலியாகிவிட்டால், கீசருக்குள் 15 லிட்டர் வெந்நீர் இருந்தாலும் குழாயில் வராது. 15 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 999 கிராம். 60 டிகிரியில் சுமார் 983 கிராம். 16 கிராம்தான் வித்தியாசம். அந்த வித்தியாசமே போதும்: கனமான குளிர்நீர் அடியில் தங்க, இலேசான வெந்நீர் மேலே மிதக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை மெதுவாக மேலேறி வருகிறது. அந்த எல்லை வெளிக்குழாயின் வாயை எட்டிய நொடியில்தான் தம்பி கத்துகிறான்.

இதை நீங்களே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிவரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பீட்ரூட் சாறு கலந்துகொள்ளுங்கள். ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து, அதன் முதுகின் வழியாக அந்தச் சிவப்புத் தண்ணீரை மெதுவாக, மிக மெதுவாக வழியவிடுங்கள். அது மேலேயே ஓர் அடுக்காக நிற்கும். அடுத்த டம்ளரில் அதையே சரேலென்று ஊற்றுங்கள். எல்லாம் கலந்து இளஞ்சிவப்பாகிவிடும். கீசரிலும் இப்படித்தான். குழாயை முழுசாகத் திறந்தால் அடியில் பாயும் குளிர்நீர் சுழன்று மேலே இருக்கும் வெந்நீரைக் கலக்கிவிடும். பாதி திறந்தால் அடுக்குகள் கலையாமல் இருக்கும், கடைசி லிட்டர் வரைக்கும் நல்ல சூடு வரும். என்ன செய்தாலும் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். அதனால் நம் 63 நிமிடத்தோடு பத்து நிமிடம் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஷவரைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஷவர்கள் நிமிடத்துக்கு 8, 9 லிட்டர் கொட்டும். 60 டிகிரியில் நிறைந்திருக்கும் 15 லிட்டரை விளாவினால் ஊட்டியில் 27 லிட்டர் குளியல் நீர் கிடைக்கும். ஷவரில் அது மூன்று நிமிடம். வாளியிலும் மக்கிலும் குளித்தால் ஒன்றரை ஆள் குளியல். சின்ன கீசர் இருக்கும் வீட்டில் வாளிதான் என் கட்சி.

வாளிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கீசருக்கும் குழாய்க்கும் நடுவில் நீளமான பைப் இருந்தால், அதில் ஒன்றரை லிட்டர் வரை ஆறிப்போன தண்ணீர் நிற்கும். ஷவரில் குளிப்பவர் அதைக் கீழே விட்டுவிடுவார். வாளியில் அதுவே விளாவும் தண்ணீராகிவிடும். எப்படியும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்பதுதான் சரியான வரிசை. 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும். சின்னக் குழந்தைகளின் மெல்லிய தோலை இன்னும் சீக்கிரம். சூடு பார்க்க விறைத்துப்போன விரலை நம்பாதீர்கள். ஒரு கையைக் குளிர்ந்த நீரிலும் இன்னொன்றை வெதுவெதுப்பான நீரிலும் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு இரண்டையும் ஒரே நடுத்தர நீரில் விட்டால் ஒரு கை 'சூடு' என்னும், மற்றது 'குளிர்' என்னும். ஜான் லாக் என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர் 1690-இல் வந்த தம் நூலிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். குளிர் ஏறாத முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.

காயிலின் 2000 வாட்டை நம்மால் கூட்ட முடியாது. ஆனால் அது தானாகக் குறைவது உண்டு. ஸ்டிக்கரில் 230 வோல்ட் என்றும் போட்டிருக்கும். குளிர்காலக் காலையில் தெருவில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடும்போது சில இடங்களில் மின்னழுத்தம் இறங்கிவிடும். காயில் தரும் வெப்பம் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கம்பியில் ஓடும் மின்சாரம் எவ்வளவு வெப்பம் தரும் என்ற விதியை 1840-களில் சோதித்து நிறுவியவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல்; நாம் இவ்வளவு நேரம் எண்ணிக்கொண்டிருக்கும் கிலோஜூல் அவர் பெயரால் வந்ததுதான். 230 வோல்ட் 200-ஆக இறங்கினால் 2000 வாட் ஏறத்தாழ 1,500 ஆகிவிடும். ஒரு வாளிக்கு 16 நிமிடம் என்பது 21 நிமிடமாக நீளும். "நேற்று சூடாயிற்றே, இன்று ஏன் ஆகவில்லை?" என்று ஹவுஸ் ஓனருக்குப் போன் போடுவதற்கு முன் வீட்டு விளக்கு மங்கலாக எரிகிறதா என்று பாருங்கள்.

நம் கையில் இருப்பது வேறு ஓர் எண்: தண்ணீர் எந்த வெப்பநிலையில் தொடங்குகிறது என்பது. விடியற்காலையில் மாடித் தொட்டித் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருக்கும். முந்தைய நாள் மாலை, வெயில் பட்ட தண்ணீர் தொட்டியில் இருக்கும்போதே இரண்டு வாளி பிடித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். மூடிபோட்டு வைக்க வேண்டும். திறந்து வைத்தால் மேற்பரப்பிலிருந்து தண்ணீர் ஆவியாகும். ஆவியாகிப் போகும் நீர் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். விளாவும் தண்ணீர் 15-க்குப் பதிலாக 20 டிகிரி இருந்தால், 60 டிகிரி வெந்நீர் 10 லிட்டருக்குப் பதில் 9 லிட்டர் போதும். மாலையில் குளிப்பவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. கீசருக்குள் போகும் தண்ணீரே கொஞ்சம் சூடாக இருக்கும், காலைக் கணக்கில் ஒரு வாளியும் குறையும்.

முந்தைய இரவே கீசரைச் சூடாக்கி நிறுத்தி வைக்கலாமா? கீசரின் உள்பாத்திரத்துக்கும் வெளியுடம்புக்கும் நடுவில் தெர்மாஸ் பிளாஸ்க் போல வெப்பத்தைத் தடுக்கும் நுரைப்பஞ்சு அடைத்திருப்பார்கள். அது நன்றாக இருந்தால் காலையிலும் தண்ணீர் ஓரளவு சூடாகவே இருக்கும், முதல் வாளிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கசிந்துபோன வெப்பம் மின்கட்டணத்தில் ஏறும் என்பதும் உண்மை. கீசரில் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரை இந்தக் கசிவைத்தான் குறிக்கிறது. நட்சத்திரம் கூடினால் கசிவு குறைவு.

நேரம் போதவில்லை என்று சிலர் செய்யும் இரண்டு காரியங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒன்று, வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடு. 1500 வாட் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கும். சாதாரண சின்ன பிளக் பாயின்ட் 5 அல்லது 6 ஆம்பியருக்குத்தான். பழைய வாடகை வீட்டு ஒயரில் இது பெரிய ஆபத்து. எர்த் இணைப்பு சரியில்லையென்றால் தண்ணீரிலேயே மின்சாரம் பாயலாம். ராடு ஓடும்போது வாளிக்குள் விரலை விடவே கூடாது. சூடு பார்ப்பதென்றாலும் பெரியவர் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். பிள்ளைகள் இதைத் தொடவே வேண்டாம். "அங்கிள், எங்க வீட்டு பவர் பிளக்கில் எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க" என்று ஹவுஸ் ஓனரிடம் கேட்பது நியாயமான கோரிக்கை. வெட்கப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, காற்றுப் போக்கில்லாத குளியலறையில் கேஸ் கீசர். எரிவாயு எரிய ஆக்சிஜன் வேண்டும். சின்ன அறை, மூடிய கதவு, குளிருக்குப் பயந்து அடைத்த ஜன்னல். ஆக்சிஜன் குறைந்ததும் எரிவாயு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், பிறகு மயக்கம். உள்ளே இருப்பவருக்கு ஆபத்து என்றே தெரியாது. மலையூர்களில் குளிருக்காகக் கரியடுப்பைப் படுக்கையறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவதும் இதே ஆபத்துதான். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில்தான் மாட்ட வேண்டும். உங்கள் வீட்டில் அது குளியலறைக்குள் இருந்தால் இன்றைக்கே அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இனி ஒரு கணக்கு உங்களுக்கு. குன்னூரில் ஒரு வாடகை வீடு. வீட்டில் 6 பேர். கீசர் 25 லிட்டர், 2000 வாட். உள்ளே இருப்பதும் புதிதாக வருவதும் 20 டிகிரித் தண்ணீர். ஆளுக்கு 18 லிட்டர் வாளி, 40 டிகிரியில். ஆறாவது ஆளின் வாளி 7:30-க்குத் தயாராக வேண்டுமென்றால் எத்தனை மணிக்கு ஸ்விட்ச் போட வேண்டும்? 6:14 என்று வந்தால் கணக்கு சரி. போட்டு முடித்ததும், 25 என்ற எண்ணை எந்த வரியில் பயன்படுத்தினீர்கள் என்று உங்கள் தாளில் தேடிப் பாருங்கள்.